நெல்லைக் கடற்கரையில் அலைச்சறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசையன்விளைப் பக்கத்துக்காரன் நான். அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங் பலகையைத் தூக்கிக்கொண்டு உவரிக்கும் மணப்பாட்டுக்கும் போய்வரத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. வழியில் பார்க்கிறவர்களும், போனில் கூப்பிடுகிறவர்களும், ஊர்ப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நம்ம கடலில் சறுக்குகிற அளவுக்கு அலை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் மென்மையான கடல் இது. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கன்னியாகுமரியில் இருந்து திருச்செந்தூர் வரை நம் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. முகம் தென்கிழக்கைப் பார்க்கிறது. கிழக்கே இலங்கை மறித்துக்கொண்டு நிற்பதால் வங்காள விரிகுடாவின் பெரிய அலைகள் இங்கே நேராக வருவதில்லை. தெற்கு மட்டும் திறந்து கிடக்கிறது. அந்தத் திசையில் அண்டார்டிகா வரை தடுக்க நிலமே இல்லை. தென் சமுத்திரத்தில் எங்கோ ஒரு புயல் கடலைக் கலக்கினால், அந்த அலை பல நாள் பயணம் செய்து நம் மணலில் வந்து முடிகிறது. இவ்வளவு தூரம் வருவதற்குள் அது ஒழுங்குபட்டு, நீண்டு, நிதானமாகிவிடும். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நல்ல நாளில் நெஞ்சு உயரம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல கடல் தேவையில்லை.

தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி. குளிருக்கான ரப்பர் உடை வேண்டியதில்லை. கடல்மட்ட ஏற்ற இறக்க வித்தியாசமும் ஒரு மீட்டருக்குள்தான்.

இது வெளிநாட்டு விளையாட்டுதானே?

பலகை பசிபிக் தீவுகளில் இருந்து வந்தது, உண்மை. ஆனால் கட்டுமரத்தில் நின்றபடி, பின்னால் எழும்பும் அலையைத் தோளுக்கு மேலாகப் பார்த்து, சரியான கணத்தில் துடுப்புப் போட்டு, அலை தூக்கிக் கொண்டுவந்து கரையில் விட வருவது நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. 'கட்டமரான்' என்று உலகம் சொல்கிற சொல்லே நம் கட்டுமரம்தான். திருச்செந்தூரின் பழைய பெயர் திருச்சீரலைவாய். அலை வந்து வாய் வைக்கும் ஊர்க்காரர்கள் நாம். அலை நமக்கு அந்நியம் இல்லை, நின்று விளையாடுவதுதான் புதிது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் மாமல்லபுரமும்தான் இதன் தலையூர்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே தேசிய அளவில் போட்டியிடுகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

எந்த ஊருக்குப் போகலாம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கூந்தன்குளம் பறவைகள் வரும் ஊர், உள்நாட்டில் இருக்கிறது, அங்கே கடல் கிடையாது. கூத்தங்குழி கடற்கரை ஊர். கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. அதை ஒட்டிய கரையிலும் கடலிலும் இறங்கவே கூடாது, அது பாதுகாப்பு எல்லை. கைபேசியில் வழி தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மணப்பாடு இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் திருநெல்வேலிதான். இன்றும் பேச்சில் நெல்லைச் சீமை என்றால் அதையும் சேர்த்தே சொல்கிறோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றும், அதன் மேலிருக்கும் திருச்சிலுவைக் கோயிலும், பக்கத்தில் கருமேனியாறு கடலில் சேரும் இடமும் அந்த ஊரின் அடையாளம். குன்றின் முனையைச் சுற்றி அலை வளைந்து வரும். முனையை ஒட்டிப் பாறை உண்டு, அங்கே பழகியவர்கள்தான் இறங்கவேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் முனையை விட்டுத் தள்ளி, மணல் மட்டுமே உள்ள பக்கம் போகவேண்டும்.

உவரியில் கரை நீளம், மணல் நன்றாக இருக்கும். உவரியிலிருந்து இரண்டு பக்கமும் சிறு சிறு ஊர்களுக்கு இடையே ஆள் நடமாட்டமே இல்லாத கரை நிறைய உண்டு. ஆள் இல்லாத கரை அழகுதான், ஆனால் தனியாக இறங்க அது இடம் இல்லை. முதல் வருடம் முழுவதும் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்திலேயே இறங்குங்கள்.

நம் கரையில் வருவது மணற்கரை அலை என்கிறார்களே, அது என்ன?

அலை எங்கே உடைகிறது என்பதை அடித்தரைதான் முடிவு செய்கிறது. ஓர் அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் கால் இடறினாற்போலக் கவிழும். ஒரு மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். பாறைத் தரை என்றால் அந்த இடம் என்றைக்கும் மாறாது. முருகைக்கல் பாரும், அதாவது பவளப்பாறைத் திட்டும் அப்படியே. மணல் தரை மட்டும் நகரும்.

இந்த ஒரு விஷயம்தான் நம் கரையின் குணம் எல்லாவற்றுக்கும் காரணம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு ஒன்று கிடக்கும். கரைக்கும் திட்டுக்கும் நடுவே பள்ளம். அலை திட்டின் மேல் வந்து உடையும், பள்ளத்தில் கொஞ்சம் அடங்கும், பிறகு கரையில் இன்னொரு முறை உடையும். திட்டு நீளமாக, சாய்வாகக் கிடந்தால் அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனை வரை சுருண்டுகொண்டே போகும். அதுதான் நமக்கு வேண்டிய அலை. திட்டு நேராகக் கிடந்தால் அலை முழுவதும் ஒரே நேரத்தில் மடார் என்று விழும். அதில் நுரையைத் தவிர ஒன்றும் இருக்காது.

ஆடி மாதத்துப் பெரிய அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போய்த் திட்டாக்கி வைக்கும். கடல் அடங்கும் மாதங்களில் அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பும். அதனால் போன மாதம் நன்றாக இருந்த இடம் இந்த மாதம் ஒன்றுமில்லாமல் போகும். 200 மீட்டர் தள்ளிப் புதிதாக ஒரு திட்டு எழும்பியிருக்கும். 'உவரியில் எந்த இடத்தில் நல்ல அலை?' என்று என்னிடம் கேட்கிறார்கள். இன்றைக்கு எங்கே என்று இன்றைக்குப் போய் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் செய்வது இது. வண்டியை நிறுத்தியதும் பலகையை எடுக்க மாட்டேன். கொஞ்சம் உயரமான இடத்தில் 20 நிமிடம் சும்மா நின்று பார்ப்பேன். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சிறியது நாலைந்து, பிறகு பெரியது மூன்று நான்கு, பிறகு ஓர் அமைதி. 5 நிமிடம் மட்டும் பார்க்கிறவர் அந்த அமைதியை மட்டும் பார்த்து ஏமாந்துபோவார். படகு தள்ளுகிறவர்களைக் கவனியுங்கள். அவர்களும் அந்த அமைதிக்காகத்தான் காத்து நிற்பார்கள்.

எந்த மாதம் நல்லது?

புதிதாகக் கற்றுக்கொள்ள மாசி, பங்குனி, சித்திரை. காற்று தணிந்து கடல் சமநிலையில் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் சின்ன அலைகள் வரிசையாக, சுத்தமாக வரும். வெயில் மட்டும்தான் தொந்தரவு, விடிந்தவுடன் இறங்கி 9 மணிக்குள் ஏறிவிட்டால் அதுவும் இல்லை.

வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காலம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் காடு போல நிற்பதற்குக் காரணமான அதே காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கம் பழமொழி மட்டும் இல்லை. இந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சாய்வாக வீசுவதால், வருகிற அலையின் முகத்தை எதிர்த்து நிறுத்திப் பிடிக்கும். அலை பெரிதாகவும் வழவழப்பாகவும் நிற்கும். பழகியவர்களுக்கு ஆண்டின் மிகச் சிறந்த நாட்கள் இவைதான்.

அதே காற்று புதியவருக்கு எமன். இரண்டாவது வருடம் ஓர் ஆடி மாதக் காலையில் நான் மட்டும் இறங்கினேன். பலகையில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில் கரை சின்னதாகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, காற்றுதான் பலகையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. படுத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, 40 நிமிடம் கையால் துடுப்புப் போல வலித்துத்தான் கரை சேர்ந்தேன். தோள் இரண்டு நாள் அசையவில்லை. மணல் பறக்கிற அளவுக்கு மேல்காற்று அடிக்கிற நாளில் கற்றுக்கொள்கிறவர்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கலங்கி, அலை ஒழுங்கில்லாமல் குறுகக் குறுக வரும். ஆறு கலக்கும் இடங்களில் செந்நீரும் மரக்கட்டையும் மிதக்கும். புயல் சின்னம் இருக்கும்போது யோசிக்கவே வேண்டாம், வீட்டில் இருங்கள்.

ஒரு நாளில் எந்த நேரம்?

விடியற்காலை. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வரும், தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போல இருக்கும். 10 மணிக்கு மேல் கடற்காற்று திரும்பினால் அலை முகமெல்லாம் சுருங்கிவிடும்.

ஏத்தம் (கடல் ஏறுவது), வத்தம் (கடல் வற்றுவது) இரண்டும் நம் கரையில் சிறிய வித்தியாசம்தான். ஆனாலும் மணல் திட்டின் மேல் அரை மீட்டர் தண்ணீர் கூடுவதும் குறைவதும் அலையை மாற்றிவிடும். பொதுவாக நடு ஏத்தம் எனக்குப் பிடிக்கும். நல்ல வத்தத்தில் அலை திட்டின் மேல் சட்டென்று கவிழும், விழுந்தால் மணலில் தோள் இடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். இதற்குச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியே போதும்.

அலை முன்னறிவிப்பில் எதைப் பார்க்கவேண்டும்?

மூன்று எண்கள்: அலையின் உயரம், இரண்டு அலைகளுக்கு இடையிலான விநாடி, காற்றின் திசையும் வேகமும். எல்லோரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் விநாடியைத்தான் முதலில் பார்ப்பேன். 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை, வலு இருக்காது. 12, 14 விநாடி என்றால் தூரத்திலிருந்து வந்தது. உயரம் குறைவாகக் காட்டினாலும் கரைக்கு வரும்போது எழும்பி நிற்கும்.

விநாடி 16, 18 என்று காட்டினால் எச்சரிக்கை. அது கள்ளக்கடலாக இருக்கலாம். உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, கடல் பார்க்க அமைதியாகக் கிடக்கும். திடீரென்று கரை மீறி ஏறி, இழுத்துக்கொண்டு போகும். தென் சமுத்திரத்துப் புயல்கள் அனுப்புகிற மிக நீளமான அலை அது. சித்திரை, வைகாசி மாதங்களில் அதிகம். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதற்குத் தனியாக எச்சரிக்கை விடுகிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் பெயர் அதில் அடிக்கடி வரும். அந்த அறிவிப்பு இருக்கும் நாளில் பலகை மட்டும் இல்லை, கரையில் கால் நனைப்பதும் வேண்டாம். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் கரையில் நின்ற மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதை நாம் மறக்கக்கூடாது.

தாமிரபரணியில் நன்றாக நீந்துவேன். அது போதுமா?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. ஆற்றிலும் கிணற்றிலும் பழகியவர்களுக்குக் கை கால் வலு இருக்கும், பயம் இருக்காது. அந்தப் பயமின்மையே கடலில் ஆபத்தாகிவிடுகிறது. கிணற்றில் மூச்சுப் பிடித்துக் குதிக்கிறபோது எப்போது மூழ்குகிறோம் என்று நமக்குத் தெரியும். கடலில் அலை நம்மைக் கேட்டுக்கொண்டு அமுக்குவதில்லை. மூச்சை விட்டிருக்கும் நேரத்தில் அமுக்கும், எழுந்தவுடன் அடுத்தது வரும்.

அதனால் பலகை இல்லாமல் முதலில் நாலைந்து காலை கடலில் பழகுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிற நுரைக்கு அடியில் முங்கி எழுந்து பாருங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மல்லாந்து மிதக்கவும் முடிந்தால் பலகையைத் தொடலாம். மல்லாந்து மிதப்பதை யாரும் பயிற்சி செய்வதில்லை, உயிரைக் காப்பது அதுதான். நீச்சலே தெரியாதவர்கள், காலில் பலகை கட்டியிருக்கிறதே என்ற தைரியத்தில் இறங்கவேண்டாம். கயிறு அறுகிற நாளும் வரும்.

கடல் உள்ளே இழுக்கிறது என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எங்காவது வழி தேடித் திரும்பிப் போகவேண்டும். மணல் திட்டில் எங்கே ஓர் இடைவெளி இருக்கிறதோ அந்த வாய்க்கால் வழியாக மொத்தமும் பாயும். அதுதான் இழுப்பு. மீனவர்கள் கரையோரமாகப் போகிற நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், அது வேறு. அது பக்கவாட்டில் தள்ளும். இழுப்பு நேராக உள்ளே கொண்டுபோகும்.

மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். கலங்கிய மணலும் நுரையும் அந்தப் பட்டையில் கடலை நோக்கி நகரும். வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் 'இங்கேதான் அலையில்லை, பிள்ளைகளை இறக்கலாம்' என்று சரியாக அந்த இடத்தையே தேர்ந்தெடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்து, ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். அலை உடைகிற இடத்தில் தரை மேடு. உடையாத இடத்தில் தரை பள்ளம். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள். வலுவான இழுப்பு விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும், ஒலிம்பிக் வீரனாலும் எதிர்த்து நீந்த முடியாது. பலகையை விடாதீர்கள், அதன் மேல் படுங்கள். இழுப்பு ஆளைத் தண்ணீருக்கு அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோய் வலு குறைந்துவிடும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை வெள்ளையாக உடைகிற பக்கம் நகருங்கள். அங்கே போனதும் அலையே கரைக்குத் தள்ளும். தெம்பு இல்லையென்றால் மிதந்தபடி ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். வேறு ஒருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் வெறுங்கையோடு பாயவேண்டாம். மிதக்கிற எதையாவது எறியுங்கள், பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

தூண்டில் வளைவு பக்கத்தில் அலை நன்றாக இருக்கிறதே?

இருக்கும். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேரும், அதனால் அலையும் வடிவாக வரும். ஆனால் கல்லை ஒட்டியே ஓர் இழுப்பு எப்போதும் ஓடும், அலை வேறு கல்மேல் தள்ளும். பாசி பிடித்த கல்லில் ஏற முடியாது. குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மறுபக்கம் மணல் அரித்துப் போய்க் கரை செங்குத்தாக விழும், அலை நேராகக் கரையிலேயே மோதும். அங்கே சறுக்க ஒன்றுமில்லை.

எந்தப் பலகை வாங்குவது?

மேலே மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகை, 8 அடியிலிருந்து 9 அடி வரை, நல்ல அகலம். கூர்மூக்கு வைத்த சின்னப் பலகையைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படவேண்டாம். நம் அலைக்கு வலு குறைவு, அது உங்களைத் தூக்கவேண்டுமானால் பலகைக்கு மிதப்பு வேண்டும். ஐந்து வருடம் கழித்தும் நான் நீளப் பலகையில்தான் பெரும்பாலும் போகிறேன்.

கணுக்காலில் கட்டும் கயிறு, அதாவது லீஷ், பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். உடலை ஒட்டிய முழுக்கைச் சட்டை ஒன்று. ஃபைபர் பலகை வைத்திருந்தால் மேலே தேய்க்க மெழுகு வேண்டும், வெப்பநாட்டுக் கடலுக்கென்று விற்கிற கடினமான மெழுகு. குளிர்நாட்டு மெழுகு நம் வெயிலில் நெய்யாக உருகிவிடும்.

பலகையை வெயிலில் காரினுள் பூட்டி வைக்காதீர்கள், மேலுறை உப்பிப் பிரிந்துபோகும். பனை நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

உடைந்தால் இங்கே யார் ஒட்டுவார்கள்?

நம் ஊர்களில் ஃபைபர் படகு செப்பனிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கைத்திறன் மிகுந்தவர்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே தெர்மாகோல் வகை என்றால் படகுக்குப் போடுகிற பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும், எபாக்சி ரெசின்தான் போடவேண்டும். பாலியூரித்தேன் நுரை என்றால் படகு ரெசினே போதும். இது தெரியாமல் என் முதல் ஃபைபர் பலகையில் கையளவு குழியை உண்டாக்கினேன்.

முதல் நாள் என்ன செய்யவேண்டும்?

முதலில் மணலில். பலகையின் மேல் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரே அசைவில் இரு பாதங்களையும் கீழே கொண்டுவந்து நிற்கவேண்டும். முழங்கால் ஊன்றி எழுகிற பழக்கம் வந்துவிட்டால் பிறகு விடாது, ஆரம்பத்திலேயே தவிருங்கள். இதை வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து ஒரு நாளைக்கு 20 தடவை செய்தால் ஒரு மாதத்தில் உடம்பு தானாகச் செய்யும். எந்தக் கால் முன்னால் வரும் என்று யோசிக்கவேண்டாம், யாராவது பின்னாலிருந்து எதிர்பாராமல் லேசாகத் தள்ளினால் எந்தக் காலை முன்வைக்கிறீர்களோ அதுதான்.

பிறகு இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில் மட்டும். பலகையைக் கரைக்கு நேராகத் திருப்பி, நுரை வந்து தொடும் முன் படுத்து, இரண்டு மூன்று தடவை கையால் வலியுங்கள். நுரை தள்ளுவது தெரிந்த பிறகு எழுங்கள். பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் குறுக்காக வைக்காதீர்கள். மூக்கும் பல்லும் போவது அப்படித்தான். விழும்போது தட்டையாக விழுங்கள், தலைகுப்புறப் பாயாதீர்கள், எழும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு எழுங்கள்.

எழுந்தவுடன் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்கிறது. ஏன்?

ரொம்ப முன்னால் படுத்திருக்கிறீர்கள், அல்லது அலை கவிழத் தொடங்கிய பிறகு கையால் வலிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். ஒரு சாண் பின்னால் வாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கண் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். காலைப் பார்த்தால் உடம்பும் கீழேதான் போகும். கரையில் நிற்கிற பனைமரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு எழுந்து பாருங்கள்.

மீனவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்களா?

மரியாதையோடு போனால் அவர்களைப் போல உதவுகிறவர்கள் கிடையாது. அது அவர்கள் தொழில் செய்கிற இடம், நாம் விளையாடப் போகிறவர்கள், இந்த வரிசை மாறக்கூடாது. கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம், 'அண்ணாச்சி, இந்தப் பக்கம் இறங்கலாமா, நீவாடு எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத பதில் வரும். முந்தாநாள் கடல் எப்படிக் கிடந்தது, திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, எங்கே பழைய வலை சிக்கிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், விவாதம் செய்யாதீர்கள்.

படகு வந்துபோகிற வழியில் நிற்காதீர்கள். படகு அலையோடு வரும்போது ஓட்டுகிறவரால் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. கரைவலை இழுக்கும்போது வலையின் இரண்டு கயிறுகளுக்கு இடையே இறங்கவே கூடாது. கரையில் காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டு நடக்காதீர்கள், மீன் காய்கிற மணலில் பலகையைப் போடாதீர்கள்.

கத்தோலிக்க ஊர்களில் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கடல் காலியாக இருக்கும், ஆனால் படகெல்லாம் கரையில் நிற்கும், கோயிலுக்கு வருகிற கூட்டமும் உண்டு. பூசை நேரத்தில் கோயில் வாசலில் ஈரக் கால்சட்டையோடு நடக்கவேண்டாம். உவரியில் அந்தோணியார் திருவிழா நாட்களிலும், சுயம்புலிங்க சுவாமி கோயில் விசேஷ நாட்களிலும், மணப்பாட்டில் செப்டம்பர் 14 வரை நடக்கும் திருச்சிலுவைத் திருவிழாவிலும் பலகையை வீட்டில் வைத்துவிட்டுத் திருவிழாவுக்கு வாருங்கள்.

பெண்கள் வரலாமா?

கட்டாயம் வரவேண்டும். முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழ் வரும் கால்சட்டையும் வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும் யாருக்குமே நல்லது, ஊர்க் கண்ணுக்கும் அது உறுத்தாது. உடை மாற்ற இடம்தான் உண்மையான பிரச்சினை. நான்கைந்து பேராகச் சேர்ந்து, வண்டியோடு வாருங்கள். துப்பட்டாவும் சேலையும் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கவே வேண்டாம், அலையில் கைகாலைச் சுற்றிக்கொள்ளும்.

வயது?

நீந்தத் தெரிந்த 8 வயதுப் பிள்ளை பெரியவர் கூடவே நின்றால் நுரையில் விளையாடலாம். மேல் வரம்பு கிடையாது. மூட்டு வலி இருப்பவர்கள் எழுந்து நிற்காமல் படுத்தபடியே அலையில் வருவதும் அதே சந்தோஷம்தான்.

சொறி, திருக்கை?

இரண்டும் உண்டு. சொறிமீன், அதாவது ஜெல்லிமீன் கூட்டமாகக் கரை ஒதுங்கிக் கிடந்தால் அன்று இறங்கவேண்டாம். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதைத் துணியோ அட்டையோ கொண்டு எடுங்கள். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். தூக்கித் தூக்கி அடி வைக்காமல் பாதத்தை மணலில் தேய்த்தபடி நடந்தால் அதுவே விலகிப் போகும். முள் குத்தினால் பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

ஓர் அலையில் இரண்டு பேர் வந்தால்?

அலை உடைகிற முனைக்கு யார் அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது. மற்றவர் விட்டுவிடவேண்டும். நம் கரையில் இன்னும் அந்த அளவுக்குக் கூட்டம் இல்லை, ஆனாலும் இப்போதே பழகிக்கொண்டால் நல்லது. பலகையைக் கைவிட்டு முங்குவதற்கு முன், உங்களுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

எப்படி வருவது, என்ன சாப்பிடுவது?

நெல்லையிலிருந்து உவரிக்குத் திசையன்விளை வழியாக வரலாம். மணப்பாட்டுக்குத் திருச்செந்தூர் வரை ரயிலோ பஸ்ஸோ, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே. பஸ்ஸில் 9 அடிப் பலகையை ஏற்ற முடியாது. காரின் மேல் பழைய தலையணை வைத்து, முன்னும் பின்னும் பட்டைக் கயிறால் கட்டுங்கள். தேரி (செம்மணல் மேடு) பக்கம் சாலையில் குறுக்குக் காற்று பலமாக அடிக்கும், அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம் போதும், வயிறு நிறைய வேண்டாம். ஏறிய பிறகு பசி தாங்காது. பருவத்தில் சாலையோரம் பதநீர் கிடைக்கும், கூடவே நுங்கு. உப்புத் தண்ணீர் குடித்த தொண்டைக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருகிற அந்தப் பதநீரைப் போல ஒன்று இல்லை. வெயில் ஏறினால் புளித்துவிடும், 9 மணிக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.